பத்துச் செக்கன் பூதம்

பாலாவிச் சந்தியில் கற்பிட்டிப் பக்கம் திரும்பிக் கொஞ்ச தூரம் போனால், தென்னந்தோப்புகளுக்கு மேலால் நுரைச்சோலைப் புகைபோக்கி எட்டிப் பார்க்கும். தலவில் பெருநாளுக்குப் போகிறவர்களும் சரி, டொல்பின் பார்க்கப் போகிறவர்களும் சரி, பஸ் ஜன்னலால் கையை நீட்டிக் காட்டாமல் விடமாட்டார்கள். லக்விஜய அனல் மின்நிலையம்! 300 மெகாவாட் வீதம் மூன்று அலகுகள். நாட்டிலேயே பெரிய மின்நிலையம்.

எனக்கோ அங்கே வேறொன்றின் மேல்தான் கண். எந்தப் படத்திலும் வராத, எந்த அமைச்சரும் மாலை போடாத அவசர டீசல் மின்பிறப்பாக்கி. நாட்டுக்கே கரண்ட் கொடுக்கிற இடத்துக்கு ஜெனரேட்டர் எதற்கு என்று கேட்கிறீர்களா? அப்படிக் கேளுங்கள்!

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் பதினொன்றரை மணியளவில் இலங்கை முழுவதும் மின்சாரம் போனது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று மின்மாற்றியில் பட்டுவிட்டதாக எரிசக்தி அமைச்சர் சொல்ல, உலகப் பத்திரிகைகளெல்லாம் அந்தக் குரங்கைத் தூக்கிக் கொண்டாடின. குரங்கின் புகழில் அமுங்கிப்போன செய்தி ஒன்றுண்டு: அந்த அதிர்ச்சியில் நுரைச்சோலையின் மூன்று அலகுகளும் படுத்துவிட்டன. மின்நிலையம் என்பது வெளியே அனுப்புவதோடு நிற்பதில்லை. பம்பிகள், பெரிய மின்விசிறிகள், நிலக்கரி அரைக்கும் ஆலைகள் என்று தானும் மின்சாரம் விழுங்கிக்கொண்டே இருக்கும். வெளிக்கட்டமைப்பு விழுந்தால் பெரும்பாலும் அதுவும் கூடவே விழும். விழுந்த பிறகு எழும்ப, விக்டோரியா, லக்சபான போன்ற நீர்மின் நிலையங்கள் முதலில் எழும்பி அதற்குக் கை கொடுக்க வேண்டும். 900 மெகாவாட் இராட்சதன், மலைநாட்டுத் தண்ணீரைப் பார்த்துக் காத்திருக்கிறான்!

அந்த இடைவெளியில்தான் நம்ம டீசல் மேடைக்கு வருகிறது. நீராவிச் சுழலியின் தண்டு நிமிடத்துக்கு 3000 தடவை சுற்றிக்கொண்டிருந்தது, அதுவும் 500 பாகை செல்சியசுக்கு மேலான நீராவியில். திடீரென்று நின்றால் அப்படியே விட்டுவிட முடியாது. தண்டின் அடிப்பக்கம் முதலில் குளிர, மேற்பக்கம் சூடாகவே இருக்க, அத்தனை தொன் இரும்பும் லேசாக வளைந்துவிடும். மயிரிழை வளைவு போதும், அடுத்த தடவை ஓட்டும்போது அலகே ஆட்டம் காணும். ஆகவே அது ஆறும்வரை மெதுமெதுவாக உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தாங்கிகளுக்கு எண்ணெய் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் சில நிமிடத்தைப் பற்றரி தாங்கும். அதன் பிறகு இந்த மாதிரி அனல் நிலையங்களில் எண்ணெய்ப் பம்பியும், தண்டை உருட்டும் மோட்டரும், அவசர விளக்குகளும் டீசலைத்தான் நம்பியிருக்கின்றன. டீசல் கிளம்பாவிட்டால் இருட்டோடு போகாது, சுழலியும் போகும்.

இருந்தும் நிலக்கரி நல்ல பிள்ளை. ஊட்டுவதை நிறுத்தினால் தீ அணைந்துவிடும். நேர் மேற்கே திரும்புங்கள். கற்பிட்டிக் கரையில் நின்று கடலுக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டால் சுமார் 220 கிலோமீற்றரில் கூடங்குளம். அங்கே கதையே வேறு! ஆயிரம் மெகாவாட் அணு உலையொன்று 3000 மெகாவாட் அளவுக்கு வெப்பம் எழுப்பும். உலையை நிறுத்திய கணத்திலும் அதில் ஆறேழு வீதம் எஞ்சியிருக்கும். கிட்டத்தட்ட 200 மெகாவாட் வெப்பம், சுவிட்சை அணைத்த பிறகு! மணிக்கணக்கில் குறையும், ஆனால் சட்டென்று ஓயாது. தண்ணீரைச் சுற்ற வைத்தே ஆக வேண்டும். அதனால்தான் கூடங்குளத்தில் ஓர் அலகுக்கு நாலு அவசர டீசல்கள். ஒன்று ஓடினாலே காரியம் ஆகும். மற்ற மூன்றும் அந்த ஒன்றின் மேலுள்ள சந்தேகத்துக்காக.

இப்போது திரைக்குப் பின்னால் போவோம். பெரும்பாலான அணுமின் நிலையங்களில் இந்த அவசர டீசல்களுக்கு நடக்கும் மாதாந்தப் பரீட்சை ஏறத்தாழ ஒரே சடங்குதான். அறை நிறைய ஒரு எஞ்சின், இரண்டு வரிசையாகச் சிலிண்டர்கள். நின்றுகொண்டிருக்கும்போதும் தொட்டால் வெதுவெதுப்பு. எண்ணெயையும் தண்ணீரையும் சூடாக்கிகள் இரவு பகலாகச் சூடாக வைத்திருக்கும். முதலில் சிலிண்டர்த் தலையிலுள்ள சிறு குழாய்களைத் திறந்து எஞ்சினை மெல்ல உருட்டுவார்கள். உள்ளே தண்ணீர் கசிந்திருந்தால் அங்கே பீச்சும். பார்க்காமல் ஓட்டினால் தண்ணீர் அமுங்காது, இரும்புதான் முறியும். டீசலை ஒரு போத்தலில் பிடித்து வெளிச்சத்துக்குக் காட்டிப் பார்ப்பார்கள்: கலங்கல் உண்டா, அடியில் நீர் தங்குகிறதா? காதுக் கவசம் மாட்டியாயிற்று. கட்டுப்பாட்டறையிலிருந்து தொலைபேசி. "தயாரா?" "தயார்."

உஸ்ஸ்ஸ்! அழுத்தக் காற்று பாய்கிறது. சாவி போட்டுத் திருப்பும் சங்கதியல்ல இது; காற்றாலேயே எஞ்சினைச் சுற்றி எழுப்புகிறார்கள். அடுத்த நொடி தரை அதிர்கிறது, வெளியே ஒரு கரும்புகைத் திரள். பல அமெரிக்க நிலையங்களில் விதி இதுதான்: கட்டளை வந்து 10 செக்கனுக்குள் முழு வேகம், முழு வோல்ட்டேஜ். பத்தே செக்கன்! வீட்டு ஜெனரேட்டருக்குக் கயிறு இழுக்கிறவர் மூச்சு வாங்கவே அவ்வளவு நேரம் ஆகும்.

பிறகு சுமை ஏற்றி ஒரு மணி நேரமாவது ஓட்டுவார்கள். ஒன்றரை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 24 மணி நேர ஓட்டமும் உண்டு. எனக்குப் பிடித்தது வேறொன்று. "வெளி மின்சாரம் போய்விட்டது, உலையிலும் குழாய் உடைந்துவிட்டது" என்று பொய்ச் சமிக்ஞை கொடுத்து, பம்பிகள் ஒவ்வொன்றாக எஞ்சின் மேல் விழுவதைப் பார்ப்பார்கள். ஒவ்வொரு பம்பி விழும்போதும் எஞ்சின் ஒரு கணம் முனகி, மறுபடி நிமிரும். எல்லாம் முடிந்தபின் சுவிட்ச் "தன்னியக்கம்" என்ற நிலையில்தான் நிற்கிறதா என்று இன்னொருவர் வந்து பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும். நூற்றுக்கு நூறு வாங்கிய எஞ்சினை யாராவது தவறான நிலையில் விட்டுப்போனால் பரீட்சை நடத்தியதற்கு அர்த்தமே இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. பரீட்சையே எஞ்சினைத் தின்கிறது! தூக்கத்திலிருந்து எழுப்பி, சோம்பல் முறிக்கவும் விடாமல் நூறு மீற்றர் ஓடச் சொன்னால் எந்தத் தசைதான் தாங்கும்? அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணைக்குழு 1984இல் நிலையங்களுக்கு எழுதிய கடிதத்தின் சாரமே இதுதான்: எஞ்சின் நம்பகமானதா என்று அறிய நடத்தும் குளிர்த் தொடக்கங்களே எஞ்சினைத் தேய்க்கின்றன, குறையுங்கள். அதன் பிறகு முன்கூட்டியே எண்ணெய் ஓட்டி, மெதுவாகத் தொடக்கி, படிப்படியாகச் சுமை ஏற்றும் வழக்கம் பரவியது. பத்துச் செக்கன் ஓட்டம் எப்போதாவதுதான். நல்லதுதான் என்பேன்; நம்பிக்கைக்காக நம்பகத்தைச் செலவழிப்பது என்ன கணக்கு?

1990 மார்ச் 20இல் ஜோர்ஜியா மாநிலத்து வோக்டில் நிலையத்தில் நடந்ததைப் பாருங்கள். முற்றத்தில் லொறியொன்று பின்னால் எடுக்கும்போது மின்கம்பி தாங்கும் தூணில் இடித்தது. முதலாம் அலகின் மின்சாரம் போச்சு! டீசல்கள் இரண்டில் ஒன்று பராமரிப்புக்காகப் பிரித்துக் கிடக்கிறது. மற்றது கிளம்பியது, நின்றது. மறுபடி கிளம்பியது, மறுபடி நின்றது. 36 நிமிடம் கழித்து அவசர முறையில் தொடக்கியபோதுதான் ஓடியது. அவசர முறை என்றால் பெரும்பாலான பாதுகாப்பு நிறுத்தங்களையும் ஓரங்கட்டிவிட்டு, "உன் உடம்பைப் பார்க்காதே, ஓடு" என்று எஞ்சினுக்குச் சொல்வது. சூட்டை அளக்கும் உணரிகள் பொய் சொல்லி நிறுத்தியிருக்கலாம் என்ற முடிவுக்குத்தான் விசாரணை வந்தது.

நுரைச்சோலையின் முதல் அலகைத் திறந்தது 2011 மார்ச் 22இல். அதற்கு 11 நாள் முன்னால்தான் ஃபுகுஷிமா அணுமின் நிலைய விபத்து. பூமி குலுங்கி வெளி மின்சாரம் அறுந்ததும் அங்கிருந்த டீசல்கள் கிளம்பின. மாதாமாதம் எழுதிய பரீட்சை வீண்போகவில்லை. முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும்போது சுனாமி அலை வந்தது. 13 டீசல்களில் 12 பயனற்றுப் போயின. சில நேரே மூழ்கின. சிலவற்றின் மின்பலகைகள் மூழ்கின. கடல்நீரால் குளிர்ந்தவற்றுக்கு அந்த நீரை இறைக்கும் பம்பிகள் போயின. எந்தப் பரீட்சைத் தாளிலும் வராத கேள்வி அது. தப்பியது ஆறாம் அலகின் ஒற்றை எஞ்சின். அது குளிர்ந்தது காற்றால், கடலால் அல்ல. அதிலிருந்து பக்கத்து ஐந்தாம் அலகுக்கும் கேபிள் இழுத்தார்கள். மார்ச் 20ஆம் திகதி இரண்டு உலைகளும் பத்திரமாகக் குளிர்நிலைக்கு வந்து சேர்ந்தன.