இரண்டு ஆண்டு வேளாண்மைப் பட்டயம் பெற என்ன வேண்டும்?

மே மாதத்தில் பிளஸ் டூ தேர்வு முடிவு வெளிவந்ததும் எங்களைத் தேடி வரும் விவசாயிகளின் கேள்வி மாறிவிடும். போன வாரம் வரை தென்னையில் காண்டாமிருக வண்டுக்கு வழி கேட்டவர், இந்த வாரம் மதிப்பெண் பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருவார். "பையன் பாஸ் பண்ணிட்டான். நாலு வருஷம் படிக்க வைக்க வசதி இல்லை. ரெண்டு வருஷத்திலே முடியற விவசாயப் படிப்பு இருக்குதாமே, அதிலே சேர்க்கலாமா?" என்று கேட்பார்.

தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் இடம் கிடைப்பது வேறு, பட்டயம் கையில் கிடைப்பது வேறு. இடம் கிடைக்க என்ன வேண்டும் என்று எல்லோரும் விசாரிக்கிறார்கள். கிடைத்த இடத்திலிருந்து பட்டயத்தோடு வெளியே வர என்ன வேண்டும் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. சிறு விவசாயிகளின் பிள்ளைகள் தடுக்கி விழுவது இந்த இரண்டாவது இடத்தில்தான். ஆகவே முதல் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, இரண்டாவதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

யார் சேரலாம்?

வேளாண்மைப் பட்டப் படிப்பு நான்கு ஆண்டு. பட்டயப் படிப்பு, அதாவது டிப்ளமோ, இரண்டு ஆண்டு. ஆண்டுக்கு இரண்டு பருவம் வீதம் மொத்தம் நான்கு பருவங்கள். வேளாண்மை, தோட்டக்கலை என்று தனித்தனிப் பட்டயங்கள் உண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் குமுளூர், வம்பன், பேச்சிப்பாறை நிலையங்கள் பலருக்கும் தெரிந்தவை. பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பெற்ற தனியார் கல்லூரிகளிலும் இப்படிப்பு நடக்கிறது. தமிழ் வழியிலும் படிக்கலாம்.

பிளஸ் டூ தேறியிருக்க வேண்டும். எந்தெந்தப் பாடப் பிரிவுகள் செல்லும் என்பது அந்தந்த ஆண்டு அறிவிப்பில் இருக்கும். பள்ளியில் தொழிற்கல்விப் பிரிவில் வேளாண்மை எடுத்தவர்களுக்கும் இடம் உண்டு. மதிப்பெண் வரிசைப்படியும் இட ஒதுக்கீட்டின்படியும் சேர்க்கை நடைபெறும். மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் ஆகியவற்றை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். மதிப்பெண் பட்டியலில் தகப்பனார் பெயரின் முதலெழுத்து ஒன்றாகவும், ஆதார் அட்டையில் வேறாகவும் இருந்தால் இப்போதே திருத்திக்கொள்ளுங்கள். விண்ணப்பத்துக்குக் கடைசி நாளன்று இ-சேவை மையத்தில் நின்றுகொண்டு தவிப்பவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

2+1 என்றால் என்ன?

கல்லூரியில் தரும் பாட அட்டவணையைப் பார்த்தால், ஒவ்வொரு பாடத்தின் பெயருக்குப் பக்கத்திலும் 2+1, 1+1 என்று போட்டிருக்கும். பெற்றோர்கள் இதைப் பார்த்து ஏதோ கணக்கு என்று விட்டுவிடுகிறார்கள். இந்தப் படிப்பின் சாவியே இதில்தான் இருக்கிறது.

கூட்டல் குறிக்கு முன்னால் இருப்பது வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பாடம் நடக்கும் என்பது. பின்னால் இருப்பது செய்முறை வகுப்பு. வாரம் ஒரு முறை, ஏறத்தாழ இரண்டரை மணி நேரம், வயலிலோ ஆய்வுக்கூடத்திலோ நடக்கும். 2+1 என்றால் அந்தப் பாடத்துக்கு மூன்று அலகு. இப்படி எல்லாப் பாடங்களிலும் அலகுகளைச் சேர்த்துக்கொண்டே போய், நான்கு பருவங்களிலும் விதித்த மொத்த அலகுகளையும் தேறி முடித்தவனுக்குத்தான் பட்டயம். ஒரே ஒரு பாடத்தில் ஓர் அலகு நின்றாலும் பட்டயம் நிற்கும்.

தேறுவதற்கு மதிப்பெண் வேண்டும் என்பது தெரிந்ததுதான். அதற்கும் முன்னால் ஒரு வேலி இருக்கிறது. அது வருகை. எங்கள் பல்கலைக்கழக முறையில் நூற்றுக்கு 80 வருகை இருந்தால்தான் இறுதித் தேர்வுக்கே உட்கார முடியும். பாட வகுப்புக்கு 80, செய்முறைக்கு 80 என்று தனித்தனியாகப் பார்ப்பார்கள். ஒன்றில் அதிகம் இருந்து மற்றதில் குறைந்தால், இதை எடுத்து அதில் போட முடியாது. நெல் விதைக்குச் சான்று பெறக் குறைந்த அளவு முளைப்புத் திறன் 80 சதவீதம் என்பது உங்களுக்குத் தெரியும். 79 இருந்தால் சான்று அட்டை கட்டமாட்டார்கள் அல்லவா? அதே போலத்தான் இதுவும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு பருவத்தில் ஒரு பாடத்துக்கு 16 செய்முறை வகுப்புகள் நடந்ததாக வைத்துக்கொள்வோம். மூன்று வகுப்பு தவறினால் 13-க்கு வந்ததாகக் கணக்கு. 81 சதவீதம். தப்பித்தான். நான்காவது வகுப்பும் தவறினால் 75 சதவீதம். தேர்வு எழுத முடியாது. அந்தப் பாடத்தை அடுத்த ஆண்டு கீழ் வகுப்புப் பிள்ளைகளுடன் உட்கார்ந்து மறுபடி படிக்க வேண்டும். அதாவது நான்கு நாள் தவறியதற்கு ஓர் ஆண்டு போகும்.

நான்கு திங்கட்கிழமை

இது வெறும் கணக்கு அல்ல. சில ஆண்டுகளுக்கு முன் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி என்னிடம் வந்தார். ஒன்றரை ஏக்கர் நிலம். பையன் முதலாண்டு பட்டயம். கெட்டிக்காரப் பையன்தான். மண்ணியல் பாடத்தில் வருகை குறைந்து தேர்வு எழுத விடவில்லை.

விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. பையனுக்கு மண்ணியல் செய்முறை வகுப்பு திங்கட்கிழமை. சம்பா நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை என்று அப்பா கூப்பிட்டிருக்கிறார். சனிக்கிழமை வந்த பையன் செவ்வாய்க்கிழமைதான் திரும்பினான். தீபாவளிக்கு வந்தபோது ஒரு திங்கள் போயிற்று. கார்த்திகை மழையில் வயல் மூழ்க, வடிகால் வெட்ட வந்ததில் இன்னொன்று. அக்காள் நிச்சயதார்த்தத்துக்கு நான்காவது. மற்ற பாடங்களில் எல்லாம் வருகை சரியாக இருந்தது. இந்த ஒன்றில் மட்டும் நான்கு திங்கட்கிழமை.

அவர் என்னைக் கேட்ட கேள்வி இன்றும் காதில் இருக்கிறது. "ஐயா, அவன் படிக்கிறது விவசாயம்தானே? அவன் வந்து செஞ்சதும் விவசாயம்தானே? நடவு நட்டான், வடிகால் வெட்டினான். அதை ஏன் வகுப்புக் கணக்கிலே சேர்க்கமாட்டேங்கறாங்க?"

கேள்வியில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியவில்லை. அவர் வயலில் ஒரு நாள் நின்றால் கற்றுக்கொள்ளக்கூடியது கொஞ்சமல்ல. ஆனால் பல்கலைக்கழகத்தால் அதை அளந்து பதிய வழி இல்லை. விதி அப்படித்தான் இருக்கிறது. நான் அவரிடம் வேறொன்று சொன்னேன். தவறிய வகுப்புகளில் ஒன்று மண் மாதிரி எடுப்பது. வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் ஆங்கில 'வி' எழுத்து வடிவில் 15 செ.மீ. ஆழத்துக்குக் குழி வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சீவி எடுத்து, கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பாகங்களைத் தள்ளி, அரைக் கிலோவாகக் குறைக்க வேண்டும். "உங்கள் வயலுக்கு மண் பரிசோதனை செய்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன். இல்லை என்றார். பையன் அந்த வகுப்புக்குப் போயிருந்தால் வீட்டுக்கு வந்து அதைச் செய்திருப்பான். அவர் பதில் பேசவில்லை. சமாதானம் ஆனாரா என்பது எனக்குத் தெரியாது.

நடவுக்கு ஓர் ஆள் கூலி மிச்சம் என்று பையனை அழைத்தார். கடைசியில் ஓர் ஆண்டு விடுதிச் செலவு கூடுதலாயிற்று. இதை யோசித்துப் பாருங்கள். பிள்ளை கல்லூரியில் சேர்ந்ததும் வகுப்பு அட்டவணையை ஒரு தாளில் எழுதி வாங்கி வீட்டில் ஒட்டிவையுங்கள். எந்தக் கிழமையில் எந்தச் செய்முறை என்பது உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அழைத்தே ஆக வேண்டுமானால் ஒரே கிழமையைத் திரும்பத் திரும்பத் தின்னாதபடி அழையுங்கள். உடம்பு சரியில்லை என்று மருத்துவச் சான்றிதழ் கொடுத்தால் வருகை தானாக வந்துவிடும் என்று சில பிள்ளைகள் நம்புகிறார்கள். அப்படி வந்துவிடாது.

வகுப்பில் இருந்தால் மட்டும் போதாது, செய்முறைப் பதிவேடும் வேண்டும். வாரந்தோறும் எழுதி ஆசிரியர் கையெழுத்து வாங்க வேண்டும். பதிவேடு முடியாதவன் செய்முறைத் தேர்வுக்குப் போக முடியாது. இதைக் கடைசி வாரத்தில் உட்கார்ந்து எழுதிவிடலாம் என்றால் நடக்காது. உதாரணமாக, நெல் முளைப்புத் திறன் சோதனையில் 400 விதைகளை வைத்து 5-ஆம் நாள் ஒரு முறையும் 14-ஆம் நாள் ஒரு முறையும் எண்ண வேண்டும். 14-ஆம் நாள் ஊரில் இருந்தவனுக்கு எழுத என்ன இருக்கும்? பூச்சியியலில் பூச்சிகளைப் பிடித்துப் பதப்படுத்திப் பெட்டியில் வைக்க வேண்டும். வண்டாக இருந்தால் ஊசியை வலது மேல் இறக்கையில்தான் குத்த வேண்டும், நடுமுதுகில் குத்தினால் தவறு. ஆனைக்கொம்பன் ஈயைப் பிடிக்க வேண்டுமானால் அது வரும் பருவத்தில், விளக்குப் பொறி பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். களைச்செடி சேகரிப்பும் அப்படித்தான். நம் பிள்ளைகளுக்கு இவை எளிது. கோரைக்கும் குதிரைவாலிக்கும் வித்தியாசம் தெரியாமல் வரும் நகரத்துப் பிள்ளைகள் படும் பாட்டை நான் பார்த்திருக்கிறேன்.

பணம் கட்டும் முன்

இன்னொரு நஷ்டத்தையும் சொல்ல வேண்டும். அது வருகைக் குறைவை விட மோசமானது. ஒரு விவசாயி இரண்டு கறவை மாடுகளை விற்று, பெண்ணை ஒரு தனியார் நிலையத்தில் "வேளாண்மை டிப்ளமோ"வில் சேர்த்தார். பெண் படித்து முடித்தது. உர விற்பனை உரிமத்துக்கு விண்ணப்பித்தபோது, அந்த நிலையத்துக்கு எந்தப் பல்கலைக்கழக இணைப்பும் இல்லை என்று தெரிந்தது. பணமும் காலமும் போயின.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: பட்டயத்தில் எந்தப் பல்கலைக்கழகம் கையெழுத்திடும்? பதிலை நிலையத்தாரிடம் வாங்கினால் போதாது. அந்தப் பல்கலைக்கழகம் அந்த ஆண்டு வெளியிடும் சேர்க்கை அறிவிப்பில் கல்லூரியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டாலும் பார்த்துச் சொல்வார்கள். "வாரம் ஒரு நாள் வந்தால் போதும், டிப்ளமோ கொடுக்கிறோம்" என்று யாராவது சொன்னால் விலகி வாருங்கள். வாரம் ஒரு நாள் வகுப்பு நடக்கும் ஓராண்டுப் பட்டயம் ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அது 2003-ல் தொடங்கப்பட்ட, இடுபொருள் கடை நடத்துபவர்களுக்கான பயிற்சி. பள்ளி முடித்த பிள்ளைக்கு அது பொருந்தாது.

செலவுக்குச் சில வழிகள் உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடியினர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் உதவித்தொகை கிடைக்கும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-ல் தொடங்கியது. ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-ல் வந்தது. பட்டயப் படிப்பும் இவற்றில் அடங்கும். சேரும் ஆண்டின் விதிகளைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வங்கிக் கல்விக் கடனில் நான்கு லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்பதில்லை. பெற்றோரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும்.

படித்த பின்

அரசு வேலை நிச்சயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உதவி வேளாண்மை அலுவலர், உதவித் தோட்டக்கலை அலுவலர் பதவிகளுக்கு இந்த இரண்டு ஆண்டுப் பட்டயம் தகுதிதான். 1952-ல் சமுதாய வளர்ச்சித் திட்டத்தோடு வந்த கிராம சேவக்கின் இன்றைய வாரிசுகள் இவர்கள். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர் வரப்பில் குடையோடு நடந்து வரும் அலுவலரைப் பார்த்துத்தான் எனக்கும் இந்தப் படிப்பில் ஆசை வந்தது. ஆனால் தேர்வாணையம் அழைக்கும் இடங்கள் சில நூறு என்றால், படித்தவர்கள் அதைவிடப் பல மடங்கு இருக்கிறார்கள்.

சொந்தத் தொழிலுக்கு இந்தப் பட்டயம் நன்றாக உதவும். 2015-ல் செய்த திருத்தங்களுக்குப் பிறகு உரக் கடைக்கும் பூச்சிமருந்துக் கடைக்கும் உரிமம் பெறக் கல்வித் தகுதி வேண்டும். வேளாண்மைப் பட்டயம் அதற்குச் செல்லும். உரத்துக்குக் குறுகிய காலப் பயிற்சி பெற்றவர்களுக்கும் பின்னர் வழி செய்தார்கள் என்றாலும், பட்டயம் பெற்றவர் சொல்லும் மருந்தளவுக்கு ஊரில் மதிப்பு தனிதான். 2002 முதல் நடந்து வரும் வேளாண் மருத்துவ மையம் மற்றும் வேளாண் வணிக மையத் திட்டத்திலும் பட்டயதாரர்கள் சேரலாம். 45 நாள் பயிற்சி இலவசம். பிறகு தனிநபர் 20 லட்சம் வரையிலான திட்டத்துக்கு வங்கிக் கடன் பெற்றால் 36 சதவீதம், பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 44 சதவீதம் மானியம் என்பது விதி. இதற்குப் பட்டயத்தில் 50 சதவீத மதிப்பெண்ணாவது வேண்டும். எப்படியாவது தேறினால் சரி என்று இருக்கும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

அந்தத் தஞ்சாவூர்ப் பையன் மூன்று ஆண்டில் பட்டயம் வாங்கினான். இப்போது ஊருக்குப் பக்கத்துக் கடைத்தெருவில் உரக் கடை வைத்திருக்கிறான். சம்பா நடவுச் சமயத்தில் கடையில் கூட்டம் அதிகமாம். வயலுக்கு வரமாட்டேன் என்கிறான் என்று அப்பா இப்போதும் என்னிடம் குறை சொல்கிறார்.