எச்.ஐ.வி. தடுப்பில் ஊராரின் பங்கு

கம்பம் பள்ளத்தாக்கில் பொழுது புலருமுன்பே ஜீப்புகள் புறப்பட்டுவிடுகின்றன. கம்பம், கூடலூர், போடி ஆகிய ஊர்களிலிருந்து ஆண்களும் பெண்களும் மலையேறிக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்கிறார்கள். அவர்களுள் எச்.ஐ.வி. தொற்று உள்ள ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மருந்து வாங்கப் போகும் நாளில் அவருக்குக் கூலி இல்லை. “நேற்று ஏன் வரவில்லை?” என்று ஜீப்பில் உடன் வருவோர் கேட்டால் என்ன சொல்வது? கூலி போவதைவிட இக்கேள்விக்கே அவர் அதிகம் அஞ்சுகிறார்.

இந்த அச்சம் அவரோடு நிற்பதில்லை. எப்படி என்று பார்ப்போம். எச்.ஐ.வி. வைரஸ் இரத்தத்திலுள்ள சி.டி.4 என்னும் வெள்ளணுக்களுள் புகுந்து, அவற்றின் மரபுப்பொருளோடு தன்னுடையதையும் பிணைத்துவிடுகிறது. ஆகையால் அதை அடியோடு களைய இன்றைய மருந்துகளால் இயலாது. பெருகாமல் அடக்கிவைக்க இயலும். நாள் தவறாமல் மாத்திரை உண்டால், சோதனைக்கே புலப்படாத அளவுக்கு வைரஸ் குறைந்துவிடும். அந்நிலை நீடிக்கும்வரை உடலுறவின் வழியே தொற்று பிறருக்குப் பரவுவதில்லை. மருந்து உண்ணாத தாய்மார்களிடமிருந்து 100 குழந்தைகளில் 15 முதல் 45 வரை தொற்று பெறக்கூடும். முறையாக உண்டால் இது 5-க்கும் கீழே இறங்கும். இடையிடையே விட்டுவிட்டால் வைரஸ் மருந்துக்கு அடங்காததாக மாறவும் கூடும். ஒருவர் விழுங்கும் மாத்திரை வீட்டாரையும் காக்கிறது. அவர் சோதனைக்கு வர அஞ்சினால் அந்தக் காப்பு எவருக்கும் இல்லை.

இந்தியாவில் இத்தொற்று இருப்பதை 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் முதன்முதலாகக் கண்டறிந்தனர். பின்னர் தேனி, தொற்று மிகுந்த மாவட்டங்களுள் ஒன்றாக வகைப்படுத்தப்பட்டது. இங்கே ஆண்டிபட்டியிலுள்ள ஆரோக்ய அகம் என்னும் தொண்டு நிறுவனத்தின் வரலாறு கவனிக்கத்தக்கது. தொழுநோய்ப் பணியில் தொடங்கிய அது, காசநோய்க்கும் அதன்பின் எச்.ஐ.வி.க்கும் வந்தது. மூன்றுமே நெடுநாள் மாத்திரை உண்ணவேண்டிய நோய்கள். மூன்றையுமே மக்கள் மறைக்கிறார்கள். நோயாளியின் வாசலில் வண்டியை நிறுத்தினால் தெருவே அறிந்துவிடும் என்பது தொழுநோய்ப் பணியாளர்களுக்குப் புத்தகம் பார்த்துத் தெரியவேண்டியதில்லை.

அரசின் ‘நம்பிக்கை மையங்கள்’ இலவசமாக இரகசியமாகச் சோதிக்கின்றன. கூட்டு மருந்தும் 2004 ஏப்ரல் முதல் அரசு மருத்துவமனைகளில் இலவசம். இசைவின்றிச் சோதிப்பதையும், தொற்றைக் காரணம் காட்டி வேலையிலிருந்து நீக்குவதையும் 2017-ல் இயற்றிய சட்டம் தடுக்கிறது. ஆயினும் மையத்தின் படியேறத் தயங்குபவரிடம் சட்டத்தைப் படித்துக்காட்டிப் பயனில்லை. தானும் அதே மாத்திரையை உண்டு, பிள்ளை பெற்று, வேலைக்கும் போய்வரும் ஒரு பெண் அருகில் அமர்ந்து பேசினால் தயக்கம் குறைகிறது. நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா 1998-ல் வேறு சில பெண்களோடு சேர்ந்து தொடங்கிய ‘பாசிட்டிவ் பெண்கள்’ கூட்டமைப்பு இந்த எளிய உண்மையின்மேல் எழுந்ததுதான்.

ஏலத்தோட்டத் தொழிலாளிக்கு வருவோம். இன்று பெரும்பாலோருக்கு மூன்று மருந்துகள் அடங்கிய ஒரே மாத்திரை நாளுக்கு ஒன்று போதும். இரவில் வீட்டிலேயே உண்டுவிட்டால் மலைக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. உடல்நிலை சீராக இருப்பவருக்குச் சில மாத மருந்தைச் சேர்த்தே கொடுக்கலாம். மூன்று மாதத்துக்குச் சேர்த்துத் தந்தால், ஆண்டுக்கு நான்கு நாள் கூலிதான் போகும்.