இல்லத்தில் மருந்து: அளவும் எச்சரிக்கையும்

நோய் தீர்க்கும் ஆற்றல் படைத்த மருந்துக்கே தீங்கு விளைவிக்கும் ஆற்றலும் உண்டு. மருத்துவர் மருந்தைத் தேர்ந்தெடுக்கிறார். மருந்தாளர் அதனை வழங்குகிறார். ஆயினும், அதனை அளந்து கொடுப்பவர் பெரும்பாலும் தாயாரோ, தந்தையோ, பாட்டியோதான். எனவே, மருந்துப் பாதுகாப்பின் கடைசிக் கண்ணி குடும்பமே ஆகும்.

சட்டம் தரும் காப்பு

மருந்துகள், அழகுப் பொருள்கள் சட்டம் 1940-ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அதன் கீழ் 1945-இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி, எச் பட்டியலில் உள்ள மருந்துகளைப் பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு இன்றி விற்றல் ஆகாது. 2014 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த எச்1 பட்டியலில் பல ஆன்டிபயாடிக் மருந்துகளும் காசநோய் மருந்துகளும் இடம்பெற்றுள்ளன. இவற்றின் விற்பனையைத் தனிப் பதிவேட்டில் குறித்து, அதனை மூன்றாண்டுகள் காத்துவைப்பது கடைக்காரரின் கடமை. ஆயினும், சென்ற முறை எஞ்சிய மாத்திரை வீட்டு அலமாரியிலிருந்து எடுக்கப்படும்போது இச்சட்டம் அங்கே எட்டுவதில்லை.

அளவில் நேரும் பிழை

காய்ச்சலுக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் பாராசிட்டமாலை எடுத்துக்கொள்வோம். குழந்தைக்கு ஒரு வேளை அளவு, எடையில் கிலோ ஒன்றுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை ஆகும். 12 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 120 மில்லிகிராம் எனக் கொள்வோம். 5 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம் கொண்ட சிரப்பாயின் 5 மில்லிலிட்டர் போதுமானது. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்திலோ, ஒரு மில்லிலிட்டரிலேயே 100 மில்லிகிராம் அடங்கியிருக்கலாம். சிரப் என எண்ணி அதில் 5 மில்லிலிட்டர் கொடுத்தால் 500 மில்லிகிராம், அதாவது பெரியவர்களுக்கான ஒரு முழு மாத்திரையின் அளவு, குழந்தையின் உடலில் சேர்கிறது. ஒரே நாளில் இப்பிழை நான்கு வேளை நேர்ந்தால் கல்லீரல் பழுதுறும் அபாயம் உண்டு. சளி மருந்துகள் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருப்பதால், இரண்டையும் சேர்த்துக் கொடுக்கையில் அளவு அறியாமலே மிகுகிறது. ஆகவே, வணிகப் பெயரைவிட மூலப்பெயரையும் செறிவையும் படித்தறிதல் இன்றியமையாதது. சமையலறைக் கரண்டிகள் ஒரே அளவினவல்ல. மருந்துடன் வரும் அளவுக் கிண்ணத்தையே பயன்படுத்த வேண்டும்.

தேவையற்ற மருந்து

2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில், டைஎத்திலீன் கிளைகால் என்னும் நச்சு கலந்திருந்த இருமல் மருந்தை உட்கொண்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து உயிரிழந்தனர். இந்நச்சைக் கண்ணாலோ நாவாலோ குடும்பத்தினர் கண்டறிய இயலாது. அதனைத் தடுக்கும் பொறுப்பு உற்பத்தியாளரையும் கட்டுப்பாட்டு அதிகாரிகளையும் சார்ந்தது. ஆனால், தேவையற்ற மருந்தைத் தவிர்ப்பது குடும்பத்தின் கையில் உள்ளது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளைக் கொடுக்கலாகாது என்றும், ஐந்து வயதுக்குட்பட்டோருக்கு அவை பொதுவாக ஏற்றவையல்ல என்றும் மைய அரசின் சுகாதாரப் பணிகள் தலைமை இயக்ககம் அவ்வாண்டு அக்டோபரில் அறிவுறுத்தியது.

பகிர்தலும் பாதியில் நிறுத்தலும்

ஒருவருக்கு எழுதிய ஆன்டிபயாடிக் மருந்தை அதே அறிகுறி கண்ட மற்றொருவருக்குக் கொடுப்பது தவறு. சாதாரணச் சளி வைரசால் வருவது. அம்மருந்து அதற்குப் பயன்படாது. காசநோய்ச் சிகிச்சையை உடல் தேறியதும் நிறுத்திவிட்டால், எஞ்சிய கிருமிகள் மருந்துக்குக் கட்டுப்படாத வலிமை பெறுகின்றன. முதியோர் இரு மருத்துவர்களிடம் சிகிச்சை பெறுகையில், ஒரே மருந்து இரு பெயர்களில் சேர்ந்துவிடுவதும் உண்டு. உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் ஒரே தாளில் எழுதி, ஒவ்வொரு மருத்துவரிடமும் காட்டுவது இதற்கு எளிய தீர்வு.

மருந்துகளைக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில், அவற்றின் உறையிலேயே வைத்திருத்தல் வேண்டும். காலாவதியானவற்றை அவ்வப்போது அகற்றிவிட வேண்டும். பக்கவிளைவு தோன்றினால் உடனே மருத்துவரை அணுகுவதோடு, 2010-இல் தொடங்கப்பட்ட இந்திய மருந்து விழிப்புப் பணித் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமற்ற தொலைபேசி எண்ணிலும் தெரிவிக்கலாம். அவ்வாறு ஓர் இல்லம் தரும் தகவல், அதே மருந்தை உட்கொள்ளும் பிற இல்லங்களுக்கும் காப்பாக அமையும்.