பிரேக்கை ஆக்ஸிலரேட்டர் என்று எண்ணிய கதை

எங்கள் கல்லூரிச் செய்முறை வகுப்பில் ஒரு முறை ஒரு தகராறு வந்தது. மீட்டர் சமனச்சுற்றைக் கொண்டு ஒரு கம்பியின் மின்தடையைக் கண்டுபிடிக்க வேண்டும். முதல் குழுவுக்குச் சரியான விடை வந்தது. இரண்டாம் குழுவுக்கு ஒவ்வொரு முறையும் தப்பாகவே வந்தது. "முனைகளை இறுக்கமாகப் பொருத்தினீர்களா?" என்று அந்தப் பையன்களைக் கடிந்துகொண்டேன். மூன்றாவது வாரம், இரு குழுக்களின் தடைச்சுருள்களையும் இடம் மாற்றிக் கொடுத்தேன். தப்பும் சுருளோடு சேர்ந்து முதல் குழுவுக்குப் போய்விட்டது! இரண்டு சுருள்களின் மேலும் '5 ஓம்' என்றுதான் எழுதியிருந்தது. ஆனால் ஒன்றின் உள்ளே காப்புறை கருகி, சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. பையன்களிடம் என் தவற்றை ஒப்புக்கொண்டேன்.

இதே போன்றதொரு தகராறு புற்றுநோய் ஆராய்ச்சியிலும் நடந்தது. அது தீர மூன்று வாரமல்ல, பத்து ஆண்டுகள் ஆயின. அந்தக் கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். நான் இயற்பியல் கற்பிப்பவன். உயிரியலில் உங்களைப் போல ஒரு மாணவன்தான். ஆகவே நாம் சேர்ந்தே பார்ப்போம்.

நம் உடலின் செல்கள் தேவையானபோது பிரிந்து பெருகுகின்றன. தேவை முடிந்ததும் நின்றுவிடுகின்றன. இந்தக் கட்டுப்பாடு கெட்டு, ஒரு செல் ஓயாமல் பெருகிக்கொண்டே போனால் அதுதான் புற்றுநோய். சில வைரஸ்கள் விலங்குகளிடம் இந்நோயை உண்டாக்குகின்றன. குரங்கின் செல்களில் வாழும் 'எஸ்.வி.40' என்ற வைரஸ் அவற்றுள் ஒன்று. இது எலியினத்தைச் சேர்ந்த ஹாம்ஸ்டர்களுக்குக் கழலைகளைத் தரும். இந்த வைரஸ் செல்லுக்குள் 'டி' என்ற ஒரு புரதத்தை உண்டாக்குகிறது. 1979-ஆம் ஆண்டு லண்டனில் டேவிட் லேன், லயோனல் கிராஃபோர்டு என்ற இருவர் அந்த 'டி' புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதை இறுகப் பற்றிக்கொண்டு இன்னொரு புரதமும் கூடவே வந்தது. அது வைரஸுக்குச் சொந்தமானதல்ல, செல்லுக்குச் சொந்தமானது. அதே ஆண்டில் அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆர்னால்ட் லெவின், டேனியல் லின்சர் ஆகியோரும் அதையே கண்டார்கள். நியூயார்க்கிலும் பிரான்ஸிலும் வேறு குழுக்களும் கண்டன.

பெயரிலேயே ஒரு பிழை

புரதங்களை எடை பார்க்க ஒரு வழி உண்டு. அவற்றைக் கூழ் போன்ற ஒரு பொருளின் ஊடே மின்சாரத்தால் ஓட விடுவார்கள். சிறிய மூலக்கூறு விரைந்து ஓடும், பெரியது பின்தங்கும். இந்தப் புதிய புரதம் ஓடிய தூரத்தைக் கொண்டு, ஹைட்ரஜன் அணுவைப் போல் சுமார் 53,000 மடங்கு எடை என்று கணக்கிட்டு, 'பி-53' என்று பெயர் வைத்தார்கள். உண்மை எடை சுமார் 43,700தான்! இதன் 393 அமினோ அமிலங்களுள் புரோலின் என்பது ஒரு பகுதியில் மிகுந்திருப்பதால் அது ஓட்டத்தில் தாமதித்துவிட்டது. பெயர் மட்டும் இன்றும் மாறவில்லை. அளவுகோலை நம்புவதற்கு முன் அது எதை அளக்கிறது என்று கேட்கும்படி என் மாணவர்களிடம் சொல்லும்போது இதைத்தான் உதாரணம் காட்டுகிறேன்.

பெயர்ப் பிழையால் யாருக்கும் நஷ்டமில்லை. அடுத்த பிழை அப்படிப்பட்டதல்ல. புற்றுநோய்ச் செல்களில் பி-53 ஏராளமாக இருந்தது. சாதாரணச் செல்களில் தேடினாலும் கிடைப்பது அரிதாக இருந்தது. எனவே, செல்லைப் பெருக்கத்துக்கு விரட்டும் ஆக்ஸிலரேட்டர் இதுதான் என்று பலரும் முடிவு கட்டினார்கள். 1984-இல் மூன்று சோதனைச்சாலைகள் இதற்கு நிரூபணமும் தந்தன. பி-53-க்குரிய ஜீனை, 'ராஸ்' என்ற இன்னொரு ஜீனோடு சேர்த்து எலிக்கருவின் செல்களில் புகுத்தினார்கள். அவை புற்றுச் செல்களாக மாறின.

ஆனால் லெவினின் சோதனைச்சாலையில் மட்டும் அது நடக்கவில்லை! அவர்களிடமிருந்த பி-53 ஜீன் செல்களை மாற்றவே இல்லை. மற்றவர்களுக்கு வந்தது இவர்களுக்கு மட்டும் ஏன் வரவில்லை? என்னைப் போன்ற ஓர் ஆசிரியர் அங்கே இருந்திருந்தால், "கவனமாகச் செய்தீர்களா?" என்று இவர்களைத்தான் கடிந்திருப்பார்.

இறுதியில் ஜீன்களை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார்கள். எல்லாப் பிரதிகளின் மேலும் 'பி-53' என்ற சீட்டுத்தான் ஒட்டியிருந்தது. ஆனால் செல்லைப் புற்றாக மாற்றிய பிரதிகள் பழுதுபட்டவை. அவை பெரும்பாலும் புற்றுநோய்ச் செல்களிலிருந்தே எடுக்கப்பட்டவை அல்லவா! புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தால்கூடப் போதும். அத்தகைய ஒரு பிரதியில் 135-ஆம் இடத்தில் அலனைனுக்குப் பதில் வாலின் இருந்தது. லெவினிடம் இருந்ததோ பழுதில்லாத ஜீன்.

1989-இல் லெவினின் குழுவினர் அடுத்த அடியை வைத்தார்கள். செல்லைப் புற்றாக மாற்றும் ஜீன்களோடு பழுதில்லாத பி-53-ஐயும் சேர்த்துப் புகுத்தினார்கள். புற்றுச் செல்களின் கூட்டங்கள் வெகுவாகக் குறைந்துபோயின. அது ஆக்ஸிலரேட்டர் அல்ல, பிரேக்! அதே ஆண்டு பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பெர்ட் வோகல்ஸ்டீனின் குழு வேறொரு வழியில் அங்கேயே வந்து சேர்ந்தது. பெருங்குடல் புற்றுநோயாளிகளின் கழலைகளில், 17-ஆம் குரோமோசோம் இணையில் ஒன்றின் ஒரு துண்டு தொலைந்திருந்தது. அந்தத் துண்டில்தான் பி-53-இன் ஜீன் இருக்கிறது. இணையின் மற்றதில் எஞ்சியிருந்த ஜீனிலும் பழுது. இரண்டு பிரேக்குகளும் போன வண்டி அது.

பிரேக் ஜீன்கள் இருக்க வேண்டும் என்பதை, கண்ணால் காணாமலே, 1971-இல் ஆல்ஃப்ரெட் நட்சன் கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார். விழித்திரைப் புற்றுநோய் வந்த 48 பேரின் வயதுக் கணக்கு ஒன்றுதான் அவரிடமிருந்த கருவி. இரு பிரதிகளும் கெட்டால்தான் நோய் வரும் என்பது அவர் முடிவு. இயற்பியல்காரனுக்குப் பொறாமை தரும் வேலை! அந்த ஜீன் 1986-இல் பிடிபட்டது.

நான்கு பேர் சேர்ந்த கூட்டணி

சரி, பி-53 எப்படிப் பிரேக் போடுகிறது? அது மற்ற ஜீன்களை இயக்கும் சுவிட்சு. சாதாரண வேளையில் செல் அதைத் தயாரித்துக்கொண்டும் அழித்துக்கொண்டும் இருக்கும். கதிரியக்கப் பாடத்தில் படித்த அரை ஆயுட்காலம் நினைவிருக்கிறதா? பி-53-க்கு அது சுமார் 20 நிமிடங்கள். 'எம்.டி.எம்.2' என்ற புரதம்தான் அதை அழிவுக்கு அனுப்புகிறது. எக்ஸ் கதிரோ வேறெதுவோ டி.என்.ஏ.வை உடைத்துவிட்டால் எம்.டி.எம்.2-இன் பிடி நழுவுகிறது, பி-53 பெருகுகிறது. அது டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட இடங்களில் அமர்ந்து ஜீன்களை முடுக்கிவிடும். அவற்றுள் ஒன்று 'பி-21' (இதை 1993-இல் கண்டார்கள்). அது செல் பிரிவதை நிறுத்தி, பழுது பார்க்க அவகாசம் தருகிறது. பழுது மிக அதிகமானால் செல் தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளும்.

பி-53 முடுக்கும் ஜீன்களில் எம்.டி.எம்.2-இன் ஜீனும் ஒன்று என்பது வேடிக்கை. தன்னை அழிப்பவனைத் தானே வரவழைக்கிறது! மின்சார இஸ்திரிப் பெட்டி சூடேறியதும் தானே அணைந்து, ஆறியதும் மீண்டும் எரிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே போல், கதிர் பட்ட செல்லில் பி-53 ஐந்தாறு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஏறி இறங்குவதை 2004-இல் தனித்தனிச் செல்களில் கண்டார்கள். காயம் பெரிதானால் அலையின் உயரம் கூடவில்லை. அலைகளின் எண்ணிக்கைதான் கூடியது.

இனி ஒரு கணக்கு. பி-53 தனியாக வேலை செய்வதில்லை. நான்கு மூலக்கூறுகள் கூடித்தான் டி.என்.ஏ.வைப் பற்றும். ஒரு செல்லில் ஒரு ஜீன் நல்லது, மற்றது பழுது என்று கொள்வோம். நல்லதும் கெட்டதும் பாதிப் பாதி. நான்கும் நல்லவையாக அமையும் வாய்ப்பு எவ்வளவு? பாதியை நான்கு தடவை பெருக்குங்கள்: பதினாறில் ஒன்று! கெட்டது ஒன்று கலந்தாலும் கூட்டணி கெடுமானால், ஒரு ஜீன் பழுதானாலே பெரும்பகுதி பிரேக் போய்விடுகிறது. பழுதான பிரதி ஏன் ஆக்ஸிலரேட்டர் போலத் தோன்றியது என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியில் பி-53 ஜீன் பழுதாகியிருக்கிறது. கருகிய தடைச்சுருளை நாங்கள் குப்பையில் போட்டுவிட்டோம். இங்கே அப்படிப் போட முடியாது. சரி செய்யத்தான் முடியுமா என்று பார்க்க வேண்டும். முன்பு சொன்ன 135-ஆம் இடப் பழுதுள்ள புரதத்தை இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தார் 1990-இல் சோதித்தார்கள். 37.5 டிகிரியில் செல்கள் ஓயாமல் பெருகின. 32.5 டிகிரிக்குக் குளிர்வித்ததும் அதே புரதம் நல்ல வடிவத்துக்குத் திரும்பியது, செல்கள் நின்றன. உயிருள்ள மனிதரை 32 டிகிரியில் வைத்திருக்க முடியாது. எனவே, குளிர் செய்த வேலையைச் செய்யக்கூடிய மருந்தைத் தேடுகிறார்கள். 220-ஆம் இடத்தில் டைரோசின் போய் சிஸ்டீன் வந்த பி-53-இன் மேற்பரப்பில் ஒரு சிறு பொந்து விழுகிறது. அந்தப் பொந்தில் ஆப்பு அடித்தாற்போலப் பொருந்தி, புரதம் குலையாமல் நிறுத்தும் மூலக்கூறுகளைச் செய்து, நோயாளிகளிடமே சோதிக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.