ஏரிக்கரையில் ஒரு கற்குவியல்

எரிமலையைப் பாடப்புத்தகத்தில் படிப்பது ஒன்று. அதன் சாம்பலில் கால் புதைய நடந்து படிப்பது இன்னொன்று. இந்த இரண்டாவது படிப்புக்காகப் புவிச்சரிதவியல் மாணவர்கள் பல நாடுகளிலிருந்தும் ஐஸ்லாந்துக்குப் போகிறார்கள். நாமும் மனத்தளவில் அவர்களோடு ஒரு தடவை போய்வருவோம்.

ஐஸ்லாந்து வட அத்திலாந்திக் சமுத்திரத்திலுள்ள ஒரு தீவு. பரப்பளவில் இலங்கையைப்போல் ஒன்றரை மடங்கு பெரியது. ஆனால் அங்கே வாழ்வோர் ஏறக்குறைய நான்கு இலட்சம் பேர்தான். அவர்களும் பெரும்பாலும் கரையோரங்களிலேயே வாழ்கிறார்கள். தீவின் நடுப்பகுதி கருமணலும், உறைந்து கல்லாகிப்போன எரிமலைக் குழம்பும் நிறைந்த வெறுநிலம். அங்கேதான் அஸ்கியா என்ற எரிமலை இருக்கிறது.

அங்கு செல்லும் பாதைகள் கோடையில் சில மாதங்கள் மட்டுமே திறந்திருக்கும். வழியில் பாலமில்லாத ஆறுகளை ஜீப் வண்டியில் இறங்கித்தான் கடக்க வேண்டும். மரமோ வீடோ கண்ணில் படாது. சந்திரனுக்குப் போகவிருந்த அமெரிக்க விண்வெளி வீரர்களைக் கற்களைப் பற்றிப் படிப்பதற்காக 1965இலும் 1967இலும் இந்தப் பகுதிக்கே அழைத்து வந்தார்கள். இரண்டாம் முறை வந்தவர்களில் நீல் ஆம்ஸ்ட்ரோங்கும் ஒருவர்.

குறிப்பேட்டுப் பாடம்

மாணவர்களின் கையில் ஒரு சிறு சுத்தியல், ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி, அளவுநாடா, குறிப்பேடு ஆகியவை இருக்கும். இவற்றுள் குறிப்பேடுதான் முக்கியமானது. கண்டதைக் கண்ட இடத்திலேயே எழுத வேண்டும். திகதியையும் இடத்தையும் குறிக்க வேண்டும். கண்ணால் கண்டதை ஒரு பக்கமாகவும், ஊகித்ததை வேறாகவும் எழுத வேண்டும். அறைக்குத் திரும்பிய பின் எழுதலாம் என்று விட்டால், நினைவு தன் விருப்பப்படி கதையை மாற்றிவிடும் என்பது ஆசிரியர்களின் எச்சரிக்கை.

சரிவொன்றைச் சற்று வெட்டிப் பார்த்தால் மண் அடுக்கடுக்காகத் தெரியும். சாம்பல் அடுக்கு ஒவ்வொன்றும் ஒரு வெடிப்பின் சாட்சி. அவற்றில் வெளிர்நிறமான நுரைக்கல் அடுக்கு ஒன்று உண்டு. அந்தக் கல்லைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும். அது 1875 மார்ச் மாத இறுதியில் அஸ்கியா வெடித்தபோது விழுந்தது. அதன் சாம்பல் கடல் கடந்து நோர்வே, சுவீடன் வரை போனது. ஐஸ்லாந்தின் கிழக்கில் மேய்ச்சல் நிலங்கள் சாம்பலால் மூடப்பட்டன. பல குடும்பங்கள் வீடுவாசலை விட்டு இடம்பெயர்ந்தன. கப்பலேறி வட அமெரிக்காவுக்குப் போய்விட்டவர்களும் பலர். மாணவர் கையில் பாரமே இல்லாமல் கிடக்கும் அந்தக் கல்தான் இத்தனை பேரையும் ஊரைவிட்டுப் பெயர்த்தது.

வெடிப்பின் பின் நிலம் தாழ்ந்து, அந்தப் பள்ளத்தில் நீர் தேங்கி ஒரு ஏரி உண்டானது. அதன் ஆழம் ஏறக்குறைய 220 மீற்றர். மாணவர்களின் நடை இந்த ஏரிக்கரையில்தான் முடிகிறது. கற்களை அடுக்கி எழுப்பிய ஒரு நினைவுக் குவியலை அங்கே காணலாம்.

தேடிப் போன பெண்

1907இல் ஜேர்மனியிலிருந்து மூவர் இந்த எரிமலையை ஆராய வந்தார்கள். வால்தர் வொன் கினேபல் என்ற இளம் புவிச்சரிதவியலாளர், மக்ஸ் ருட்லொவ் என்ற ஓவியர், ஹான்ஸ் ஸ்பெத்மன் என்ற மாணவர் ஆகியோரே அவர்கள். ஜூலை 10ஆம் திகதி முதல் இருவரும் மடித்து எடுத்துச் செல்லக்கூடிய கித்தான் படகில் ஏரிக்குள் இறங்கினார்கள். வேறிடத்தில் வேலை செய்துவிட்டுத் திரும்பிய மாணவர் காத்திருந்தார். அவர்கள் வரவில்லை. அந்த வெறுநிலத்தில் அவர் சில நாட்கள் தனியாகவே இருந்தார். பின்னர் தேடியவர்களும் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

கினேபலுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண் இனா வொன் கிரும்கோ. பலவிதமான ஊகங்கள் அவர் காதுக்கு வந்திருக்கும். அவர் அவற்றோடு வீட்டில் இருந்துவிடவில்லை. 1908 கோடையில் ஹான்ஸ் ரெக் என்ற இளம் புவிச்சரிதவியலாளரோடும் ஐஸ்லாந்து வழிகாட்டி ஒருவரோடும் குதிரையில் அஸ்கியாவுக்குப் புறப்பட்டார். பெண்கள் இப்படிப்பட்ட பயணங்களில் காலடி வைப்பது அரிதாக இருந்த காலம் அது.

ஏரிக்கரையில் தேடினார்கள். என்ன நடந்தது என்று சொல்லக்கூடிய எதுவும் அகப்படவில்லை. காணாமற்போன இருவருக்குமாகக் கற்களை அடுக்கி அந்த நினைவுக் குவியலை எழுப்பினார்கள். ஊர் திரும்பிய இனா, தான் போன வழியையும் கண்டவற்றையும் எழுதி 1909இல் நூலாக வெளியிட்டார். 1912இல் ரெக்கை மணந்தார். பின்னர் இருவரும் இன்றைய தன்சானியாவிலுள்ள தெண்டகுருவுக்குச் சென்று, டைனோசோர் எலும்புகளைத் தோண்டியெடுக்கும் பணியில் ஈடுபட்டார்கள்.

அந்த இருவரின் உடல்களும் இன்றுவரை கிடைக்கவில்லை. கித்தான் படகு கிழிந்ததா, பாறை சரிந்து அலை எழும்பியதா என்பது தெரியாது. 2014 ஜூலை 21ஆம் திகதி இரவு ஏரியோரத்து மலைச்சரிவு ஒன்று இடிந்து நீரில் விழுந்தது. 20 மீற்றருக்கும் மேல் உயர்ந்து அலை அடித்தது. நல்லவேளையாகக் கரையில் ஒருவரும் இருக்கவில்லை. இந்த ஏரியில் அப்படியும் நடக்கலாம் என்பதற்கு அது சான்று. 1907இல் அதுதான் நடந்தது என்பதற்கு அது சான்றல்ல. மாணவர்கள் இந்த வேறுபாட்டையும் அங்கே நின்றுதான் கற்கிறார்கள்.

எமக்கு

காணாமற்போனோரின் குடும்பப் பெண்களோடு வேலை செய்பவள் என்பதால், இந்தக் கதையை என்னால் ஒரு சுற்றுலாக் கதையாகப் படிக்க முடியவில்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி வீதியோரத்தில் படங்களோடு அமர்ந்த தாய்மாரை நாம் அறிவோம். இனாவின் நிலையும் அவர்களுடைய நிலையும் ஒன்றல்ல. இனா கேட்ட கேள்விக்கு விடை தெரிந்தது அந்த ஏரிக்கு மட்டும்தான். எமது பெண்கள் கேட்கும் கேள்விக்கு விடை தெரிந்த மனிதர்கள் இருக்கிறார்கள். இனாவை அந்தக் கரைக்குப் போகவேண்டாம் என்று எவரும் மறித்ததில்லை.

ஆனாலும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள ஒன்றுண்டு. விடை கிடைக்காதபோதும் அவர் கண்டதை எழுதி வைத்தார். அதனால்தான் நூறாண்டுக்கு மேலான பின்னரும் அந்த இருவரின் பெயர்கள் அங்கே வரும் மாணவர்களுக்குத் தெரிகின்றன.

சகோதரிகளே, உங்கள் பிள்ளையின் பழைய கொப்பி ஒன்றை எடுங்கள். கடைசியாகக் கண்ட திகதி, இடம், நேரம், உடுத்திருந்த உடை, அருகில் நின்றவர்கள், நீங்கள் போன அலுவலகங்கள், கொடுத்த கடிதங்கள் எல்லாவற்றையும் எழுதுங்கள். நீங்கள் கண்டதை ஒரு பக்கத்திலும், பிறர் சொல்லக் கேட்டதை மறுபக்கத்திலும் எழுதுங்கள். எழுத இயலாத அம்மாவுக்குப் பேத்தி எழுதிக் கொடுக்கட்டும். விசாரணை எப்போது வருமோ தெரியாது. வரும் நாளில் அந்தக் கொப்பி உங்கள் கையில் இருக்கட்டும்.