சந்தைக்குப் போகும் ஆடு இளைப்பது ஏன்? அட்ரீனல் சுரப்பி செய்யும் வேலை!

மதுரையை அடுத்த திருமங்கலத்தில் வெள்ளிக்கிழமை என்றால் ஆட்டுச் சந்தைதான். தீபாவளி, பக்ரீத் நெருங்கிவிட்டால் கூட்டம் இன்னும் கூடிவிடும். வாங்க வருபவர் ஆட்டின் முதுகைத் தடவி, சதைப்பிடிப்பு எப்படி என்று பார்ப்பார். விலை பேசுவது அதற்குப் பிறகுதான். வளர்த்தவர் மாதக்கணக்கில் தீவனம் போட்டு ஏற்றிய அந்தச் சதையை, பயமும் பட்டினியும் சேர்ந்து உள்ளிருந்தே கரைத்துவிடக்கூடும்.

கரைப்பது யார்?

ஆட்டின் சிறுநீரகங்களை ஒட்டி, பக்கத்துக்கு ஒன்றாக அட்ரீனல் சுரப்பிகள் இருக்கின்றன. ஆடு மிரண்டதுமே சுரப்பியின் உள்பகுதி அட்ரீனலினைச் சுரக்கும். இதயம் படபடக்கும், தசையில் சேமித்த சர்க்கரை செலவாகும். வெளிப்பகுதியிலிருந்து வருவது கார்டிசால். இது நிதானமாக வேலை செய்யும் ஹார்மோன்.

அசைபோடும் விலங்குகளுக்கு உணவிலிருந்து நேரடியாகக் கிடைக்கும் குளுக்கோஸ் மிகக் குறைவு. இரைப்பையில் தீவனம் நொதித்து உருவாகும் அமிலத்திலிருந்து கல்லீரல்தான் அதைத் தயாரிக்கிறது. தீவனம் நின்றால் அந்த வழியும் அடைபடும். அப்போது கார்டிசால் தசைப் புரதத்தை அமினோ அமிலங்களாக உடைக்கத் தூண்டுகிறது. கல்லீரல் அவற்றைக் குளுக்கோஸாக மாற்றுகிறது. மிச்சமாகும் நைட்ரஜன் யூரியாவாகிச் சிறுநீரில் வெளியேறுகிறது. புதிய தசைப் புரதம் உருவாவதும் குறைகிறது.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் சி.என்.எச். லாங் குழுவினர் எலிகளை வைத்து இதை ஆராய்ந்து 1940-ல் வெளியிட்டார்கள். அட்ரீனல் நீக்கப்பட்ட எலிகள் பட்டினி கிடந்தபோது, சிறுநீரில் நைட்ரஜன் குறைவாகவே வெளியேறியது. சுரப்பியின் சாற்றைக் கொடுத்ததும் அது கூடியது.

சில மணி நேரப் பயணத்தில் குறையும் எடையில் பெரும்பங்கு புழுக்கை, சிறுநீர், நீரிழப்புதான். தீவனமும் தண்ணீரும் கொடுத்தால் அது திரும்பிவிடும். ஆனால், விலை படியாமல் சந்தை சந்தையாக அலைக்கழித்து, அரைவயிற்றோடு நாள்கள் நீண்டால் சதையே கரையும். அதை மீண்டும் ஏற்ற வாரக்கணக்கில் தீவனச் செலவு ஆகும். வாங்குபவருக்கும் நஷ்டம் உண்டு. மிரண்டு களைத்த ஆட்டை உடனே வெட்டினால், கறி கருத்துப்போய்ச் சீக்கிரம் கெடும்.

இந்தியாவின் 1978-ம் ஆண்டு விலங்குகள் போக்குவரத்து விதிகளின்படி, ஆடுகளை ஏற்றிச் செல்லும்போது போதுமான தீவனமும் இடையிடையே தண்ணீரும் தர வேண்டும். தரையில் 5 செ.மீ. கனத்துக்கு வைக்கோல் பரப்ப வேண்டும். கால்களைக் கட்டக் கூடாது. நெருக்கியடிக்காமல், வெயிலுக்கு முன்பே ஏற்றி, இறக்கியதும் நிழலில் தண்ணீர் காட்டினாலே ஆட்டின் மிரட்சி பெருமளவு அடங்கும். வளர்த்தவரின் உழைப்பும் வீணாகாது.