தங்குவிடுதியும் தனித்து வரும் சிறாரும்

இரவிலே வந்து கதவைத் தட்டும் வழிப்போக்கனுக்கு இடங்கொடுப்பது அறமென்று நம் முன்னோர் கருதினர். சத்திரங்களும் மடங்களும் அவ்வறத்தின் பயனாய் எழுந்தவை. காசு பெற்று இடமளிக்கும் விடுதிகள் பெருகியபோது, விடுதிக்காரரின் கடமைகளைச் சட்டமும் வகுக்கத் தொடங்கியது. வந்தவர் பராயமடைந்தவராயின் சிக்கல் அதிகமில்லை. ஆனால், 16 வயதுப் பிள்ளையொன்று பெற்றோர் துணையின்றிக் கையிற் பெட்டியோடு வந்து நின்றால் விடுதிக்காரர் செய்யத்தக்கது யாது? நேயர்களே, இவ்வினாவையே இன்று ஆராய்வோம்.

ஆங்கில நாட்டில் 1956ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட விடுதி உரிமையாளர் சட்டம், கட்டணஞ் செலுத்த வல்லவராகவும் ஏற்கத்தக்க நிலையிலுள்ளவராகவும் தோன்றும் பயணி எவருக்கும் உணவும் உறையுளும் அளிக்க முன்வரும் இடமே ஹோட்டல் என வரையறுக்கிறது. அவ்வரையறையில் வயதைப் பற்றி ஒரு சொல்லேனும் இல்லை. அதற்கு நெடுங்காலம் முன்பே, பண்டை உரோமாபுரியில் நீதியதிகாரி பிறப்பித்த கட்டளையொன்று, பயணிகள் ஒப்படைத்த பொருள்களுக்கு விடுதிக்காரரைப் பொறுப்பாளியாக்கியது. அக்கோட்பாடு உரோமன் டச்சுச் சட்டத்தின் வழியே இலங்கைக்கும் வந்து சேர்ந்தது. பயணியின் பெட்டிக்கே இத்துணைப் பொறுப்புண்டெனில், பெட்டியோடு வந்த பிள்ளைக்கு எத்துணைப் பொறுப்பு இருத்தல் வேண்டும்!

எனினும், விடுதிகள் பல 18 வயதுக்குக் குறைந்தோரைத் தனியே ஏற்பதில்லை. இதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, ஒப்பந்தம் பற்றியது. இலங்கையில் 1865ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் பராய வயதை 21 என வகுத்திருந்தது. 1989இல் அது 18 ஆகக் குறைக்கப்பட்டது. அவ்வயதை எய்தாதவர் பாதுகாவலரின் துணையின்றிச் செய்யும் ஒப்பந்தம் பொதுவாக அவரைக் கட்டுப்படுத்தாது. மறு தரப்பினரையோ கட்டுப்படுத்தும். தாம் நன்மை பெற்ற அளவுக்கே அவர் பொறுப்பாவார். ஆகவே, அறைவாடகையும் உடைந்த பொருளின் விலையும் கைக்கு வாராமற் போகுமோ என்று விடுதிக்காரர் அஞ்சுகின்றார். ஆயின், வாடகையை முன்பணமாகப் பெற்று, பாதுகாவலரிடம் எழுத்துமூலப் பொறுப்புறுதியும் வாங்கிக்கொண்டால் இவ்வச்சம் பெரும்பாலும் நீங்கிவிடும்.

இரண்டாவது காரணம் பெரிது. 1995இல் திருத்தப்பட்ட நமது தண்டனைச் சட்டக்கோவையின்படி, பாலியல் துன்புறுத்தலுக்கு உட்படுத்தும் பொருட்டுச் சிறுவர் ஒருவரைத் தமது இடத்தில் இருக்கத் தெரிந்தே அனுமதிப்பவர் 5 ஆண்டுக்குக் குறையாத, 20 ஆண்டுக்கு மேற்படாத சிறைத்தண்டனைக்கு உள்ளாவார். இங்கே சிறுவர் என்பது 18 வயதுக்குக் குறைந்தவரைக் குறிக்கும். பிள்ளையோடு உறவினரல்லாத வளர்ந்தவர் ஒருவர் வந்து, ஓரறையே போதுமென்று கேட்கும்போது, "அது எம் அலுவலன்று" என விடுதிக்காரர் வாளாவிருத்தல் தகாது.

ஆனால், இவ்வச்சமே மற்றொரு தீமைக்கு வழிகாட்டக்கூடும். மட்டக்களப்பிலிருந்து நேர்முகத் தேர்வுக்காகக் கொழும்புக்கு வந்த மாணவன், திரும்பிச் செல்லும் புகைவண்டியைத் தவறவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். இரவு பத்து மணிக்கு அவனை வாயிலிலிருந்தே திருப்பியனுப்பும் விடுதி, தன்னைக் காத்துக்கொள்கிறது. பிள்ளையையோ தெருவிற் கைவிடுகிறது. சிறாரைக் காக்க வகுத்த விதி சிறாருக்கே கேடாதல் முறையன்று.

நடுவழி ஒன்றுண்டு. முதலில் அடையாள அட்டையைப் பார்த்து வயதை அறிதல் வேண்டும். பின்னர், பெற்றோருடன் தொலைபேசியிற் பேசி, அவர் சம்மதத்தை ஏட்டிற் பதிதல் வேண்டும். ஊழியர் கண்பார்வையிலுள்ள அறையைக் கொடுத்து, அறிமுகமற்றோர் அவ்வறைக்குச் செல்லாது தடுத்தல் வேண்டும். பெற்றோருடன் தொடர்புகொள்ள இயலாவிடினும், பிள்ளையின் முகத்தில் அச்சம் தென்படினும், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்னும் இலக்கத்துக்கோ பொலிசாருக்கோ அறிவித்து, அவர்கள் வரும்வரை பிள்ளையை உள்ளே அமர்த்திக்கொள்ளல் வேண்டும்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். பிள்ளையைத் தனியே அனுப்ப நேரின், விடுதியின் விதியை முன்னரே கேட்டறியுங்கள். கையொப்பமிட்ட கடிதமொன்றையும் உங்கள் தொலைபேசி இலக்கத்தையும் கொடுத்தனுப்புங்கள். அச்சிறு தாள், பூட்டிய கதவைத் திறக்கும் திறவுகோலாகக்கூடும்.